தலைவருக்கும் ஒரு சூடம்

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தால் கங்காணியே ஒதுங்கிப்போவான். கொழுந்து பறிப்பதைவிட அதற்குத்தான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்குப் பேர். ஆனால் தொழிற்சங்கக் கமிட்டிக் காரியதரிசி சிவசாமி அவளைப் பார்த்து மலைத்துப்போனது ஐம்பத்தேழாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்.

முந்தின வருஷம், எதிர்ச்சங்கத்துத் தலைவர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததாகப் புகார் வந்தது. "சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க!" என்று முதலில் கத்தியவன் சிவசாமிதான். தோட்டத்துக் காவல்தெய்வமான ரோதமுனியின் கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சொல்லுக்கு மேல் அங்கே கோர்ட்டு கிடையாது. அந்த மனிதர் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வராதவன் குற்றவாளிதான் என்று சிவசாமியின் ஆட்கள் முடித்துவிட்டார்கள்.

இப்போது அதே புகார் சொந்தத் தலைவர் செல்லசாமி மேல். பிரஜாவுரிமை மனு விஷயமாக அட்டன் டவுனில் அவருடைய சங்க ஆபீசுக்குப் போன தோட்டத்துப் பெண் லெட்சுமி அழுதுகொண்டு திரும்பினாள். அவளுக்கு நிச்சயமான கல்யாணம் ஊசலாடியது. சிவசாமியோ, "எதிர்ச்சங்கம் சொல்லிக் குடுத்த பொய்" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தான். வேடிக்கை என்னவென்றால், அவன் அதை மனதார நம்பினான்.

அம்மாக்கண்ணுவுக்கும் செல்லசாமி தெய்வம். வேலை போன அவள் புருஷனுக்கு மறுபடி வேலைக்குப் பேர் பதிய வைத்தவர் அவர்தான். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று சிவசாமி நிம்மதியாக இருந்தான்.

அந்த ஞாயிறு தலைவர் காரில் வந்து இறங்கினார். மாலைகள் விழுந்தன. அம்மாக்கண்ணு தாம்பாளத்தில் சூடம் ஏற்றி எடுத்து வந்தாள். ஆரத்தி என்று நினைத்துத் தலைவர் சிரித்தபடி நின்றார்.

"ஆலாத்தி இல்லீங்க ஐயா. லெட்சுமி முன்னால இத அணைச்சு சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா ஒங்க கால்ல விழுறேன்."

"எனக்கேவா?"

"போன வருஷம் எதிர்ச்சங்கத்துத் தலைவரக் கேட்டோமுல்ல, ஐயா."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தாம்பாளம் மட்டும் இறங்கவில்லை. சிவசாமி மலைத்துப்போனான். இவ்வளவு விசுவாசம் வைத்தவளால் இப்படிக் கேட்க முடியுமா? தலைவர் சூடத்தைத் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

லெட்சுமி முன்னால் வந்தாள். "நான் சொன்னது நெசம்" என்று ஒரே அடியில் சூடத்தை அணைத்தாள்.

எதிர்ச்சங்கத்து மூக்கன் துள்ளிக் குதித்தான். "எங்க சங்கத்துக்கு வந்துருங்க அக்கா!"

"ஒங்க தலைவரு இன்னும் தலைவராத்தானேடா இருக்காரு?" என்றாள் அம்மாக்கண்ணு. மூக்கன் கூட்டத்துக்குள் நழுவினான்.

சிவசாமி யாரையும் பார்க்காமல் மாப்பிள்ளையின் தகப்பன் கந்தப்பன் எதிரே போய் நின்றான்.

"மாமா, அந்தப் புள்ள பொய் சொல்லுதுன்னு ஒங்க வீட்டுல வந்து சொன்னது நாந்தான். விசாரிக்கவே இல்ல. நம்ம தலைவருன்னு சொல்லிட்டேன்."

கந்தப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லெட்சுமியிடம் போய், சூடுபட்டுச் சிவந்திருந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போயி எண்ணெ தடவும்மா. கல்யாணத்துக்குள்ள ஆறணுமுல்ல" என்றார்.