அம்பாரியில் ஏறிய குடில் ராஜா

2006 நவராத்திரிக்கு முந்தைய நாள், திருவொற்றியூரில் இருக்கும் அக்கா என்னிடம் ஒரு யானையைக் கொடுத்தார். ஜெய்ப்பூரில் வாங்கியது, ஒரு சாண் உயரம். உடம்பெல்லாம் பதித்த கல், முதுகில் அம்பாரி, அதில் ஒரு ராஜா. கொலுவின் மூன்றாம் படியில் போகும் அரச ஊர்வலமே இந்த யானையை நம்பித்தான். நெற்றிப் பட்டத்தில் நாலு கல் உதிர்ந்திருந்தது.

"ஆறு மணிக்குப் படியேத்தணும். அதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாடா," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ராயபுரம் ஆறு கிலோமீட்டர், பத்து ரூபாய். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பள்ளங்களை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

ராயபுரத்தில் ஆரோக்கியம் என்பவர் மாதா சிலைகளின் கிரீடத்துக்குக் கல் பதிப்பவர். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளையும் பழுது பார்ப்பார். நான் கொண்டுபோன செருப்புப் பெட்டியிலிருந்து யானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, யானை மட்டும் வந்துகீது? ராஜா எங்க?"

அம்பாரி காலி. பெட்டியின் ஒரு மூலை கிழிந்திருந்தது. ஆட்டோ நின்ற இடம்வரை குனிந்தபடியே தேடிப் போனேன். கிடைக்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்ற யோசனையோடு திரும்பியபோது மணி இரண்டே கால். ஆரோக்கியம் கல் பதித்து முடித்திருந்தார். பலகையில் விரலளவு ராஜா ஒருவர் இருந்தார்.

"கொயந்த ஏசுவைப் பாக்க வந்த மூணு ராஜால ஒர்த்தரு. மத்த ரெண்டு பேரும் ஒடைஞ்சி பூட்டாங்க."

"இவர் மண்டி போட்டிருக்காரே!"

"அம்பாரிக்குள்ள காலு யாருக்குத் தெரியப் போவுது? பேஜாராவாத, குந்த வை."

ஒட்டாமலே கச்சிதமாக உட்கார்ந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. கல் பதித்த கூலி எண்பது ரூபாய். ராஜாவுக்குக் காசு வேண்டாம் என்றார். "வருசம் பூரா டப்பாலயே கெடக்கறாரு. அங்க போனா ஒம்பது நாளும் சுண்டலாவது கெடைக்கும்."

மின்சார ரயிலில் திரும்பி மூன்றரைக்கே அக்கா வீட்டில் இருந்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அக்கா யானையை மூன்றாம் படியில் வைத்து, தள்ளி நின்று பார்த்தார்.

"பழையவர் கையை வீசிக்கிட்டு வருவார். இவர் ஏதோ கொண்டு வந்திருக்கார்டா. முன்னாடி வரட்டும்," என்று ஊர்வலத்தின் முதல் ஆளாக நகர்த்தினார்.

அப்போதுதான் எனக்குப் பசித்தது. மதியம் சாப்பிட மறந்திருந்தேன்.

இந்தப் பக்கம் கல் பதித்த பொம்மையோடு போகிறவர்கள் ரயிலில் போங்கள். அம்பாரியில் இருப்பவரை முதலிலேயே எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வையுங்கள். புது ராஜா திருவொற்றியூர் வந்தது அப்படித்தான். நான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.