மணி அடிச்சாச்சுங்களா?

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 1942 ஆடி மாதம், கொல்லிமலை அடிவாரத்தில், கல்லாத்துமேடு ஸ்டேஷனில் எனக்கே நடந்தது. என் பெயர் நாச்சிமுத்து. அங்கே பதினோரு வருஷம் பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிற வேலை.

எங்கள் ஸ்டேஷன் மணி என்பது, தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. முந்தின ஸ்டேஷனில் ரயில் கிளம்பியதும் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார், நான் அடிப்பேன். மலைக்குப் போகிறவர்கள் ஓடைமேல் இருந்த ரயில் பாலத்தில்தான் நடந்து கடக்க வேண்டும். அவர்களுக்கு அந்தச் சத்தம்தான் காவல்.

அதற்கு நாலு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம். மலைமேல் திருப்புலி நாட்டுப் பொன்னாயி, விற்றது போக மீதி மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு என்னிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மணி அடிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்ல. போ."

மாஸ்டர் வெங்கிடுசாமி உள்ளே நாற்காலியில் தூங்கிப்போனது எனக்குத் தெரியாது. 5.22க்கு ரயில் பாலத்தில் வந்தது. அவளும் பாலத்தில் இருந்தாள்.

விசாரணையில், மணி அடித்தோம் என்றார் மாஸ்டர். வேலை போய்விடுமே என்று நானும் "ஆமாங்க" என்றேன். அவளுக்குச் செவி மந்தம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவள் புருஷன் அர்த்தனாரி கத்தவில்லை, சண்டை போடவில்லை.

"அவளுக்கு எல உழுந்தாக்கூடக் கேக்குமுங்க" என்றான், என்னைப் பார்த்து.

பிறகு யுத்தம் வந்தது. லைனை மூடி, தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடைசி நாள் மதியம் ஒரு மணிக்கு அந்த மணித் துண்டையும் நானே கழற்றி லாரியில் ஏற்றினேன். பாலத்தில் மிச்சம், தண்டவாளத்தைத் தாங்கியிருந்த வெறும் கட்டைகள்தான்.

மாலை 5.10. ஸ்டேஷனைப் பூட்டினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கேட் குடிசையையும் பூட்டிவிட்டு வர மாஸ்டர் கிளம்பினார். ஸ்டேஷன் கடிகாரம் என் கையில் இருந்தது. அதனால்தான் நேரத்தைச் சரியாகச் சொல்கிறேன்.

5.17. மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. குருவிச் சத்தம் சட்டென்று நின்றது.

5.20. காலடியில் சரளைக்கல் நடுங்கியது.

மாஸ்டர் பாலத்தின் முனையில் நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"டேய், என்னடா அதிருது?"

அப்போதுதான் அந்த வாசம்... ஈர மண்ணோடு பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கு வாசம். என் தோளுக்குப் பின்னால்...

"ஏனுங்க... மணி அடிச்சாச்சுங்களா?"

பழக்கதோஷம். வாய் தானாகச் சொன்னது.

"இன்னும் இல்ல. போ."

தன்னிடம்தான் சொல்கிறேன் என்று மாஸ்டர் பாலத்தில் கால் வைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

5.22.

விசில் இல்லை.

தடக்... தடக்... தடக்...

ஒரு அலறல்.

ஓடினேன். மாஸ்டர் இரண்டு துண்டாகக் கிடந்தார். கட்டைகளின் மேல் கரித்தூள். தொட்டேன். சுட்டது.

ரயிலில் அடிபட்ட உடம்பு என்றார் டாக்டர். ரயில் ஏது? மூன்று மைலுக்குத் தண்டவாளமே கிடையாது. என் காதில் கேட்டதையெல்லாம் விசாரணையில் சொன்னேன். பழைய பொய்யையும் ஒப்புக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. என் காதில்தான் கோளாறு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுமாதம், மன்னிப்புக் கேட்க மலை ஏறினேன். அர்த்தனாரி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஓடையில உழுந்தவ கோழி கூப்புடற வரைக்கும் உசுரோடதான் இருந்தா. கடைசியா ஒண்ணு சொன்னாளுங்க."

"என்ன சொன்னா?"

"டேசன்ல ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு தடவ, அந்தப் பாயிண்ட்ஸ்மேனையே மறுக்காக் கேப்பேன்னா."

மாஸ்டருக்கான தடவை கேட்டாகிவிட்டது. மிச்சம் என்னுடையது.

இப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. ஊரில் என்னைச் செவிடன் என்கிறார்கள்.