இடுக்கியின் கை

அன்றைக்குச் சலவைக்கூடத்தில் நடந்த பேச்சு, அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்த மகளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“என்னக்கா, மகாராணி மாதிரி வீட்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்?” என்றார் மேற்பார்வையாளர்.

“உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சு தம்பி,” என்றாள் அம்மா. மகள் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதை மூச்சு விடவில்லை.

துணியைச் சூட்டில் தேய்த்துத் தள்ளும் உருளை மெஷினில் மட்டும்தான் ஆள் வேண்டும் என்றார் அவர். அது தன் பழைய இடம்தானே என்றாள் அம்மா. அவர் அவளுடைய உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“பஞ்சாட்டம் இருக்கேக்கா. சரி, பத்து விரிப்பு மடிங்க, பாப்போம்.”

அந்த மெஷினில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். ஆஸ்பத்திரி விரிப்புகள் சுடச்சுட வெளியே வரும். கையுறை போட்டால் துணியின் முனை பிடிபடாது, வெறுங்கைதான். புதிதாக வந்தவர்கள் விரலை ஊதிக்கொண்டு நிற்க, இவள் ஊர்வம்பு பேசியபடியே மடித்துத் தள்ளுவாள். ‘இடுக்கி’ என்பது அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பெயர்.

மகளுக்கு அந்தக் கை பிடிக்காது. தலை வாரிவிடும்போது முடி அந்தத் தோலில் சிக்கும். சம்பளம் வாங்கிய முதல் மாதமே அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினாள். ஏசி வந்தது, துவைக்கும் மெஷின் வந்தது. காலையும் மாலையும் தானே களிம்பு தடவிவிட்டாள். எட்டே மாதத்தில் காய்ப்பு உரிந்துபோனது. தோழிகளிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். மூன்றாம் வருடம், வெயிலில் மாடியில் துணி காயப்போட்டாலே அம்மாவுக்குத் தலை சுற்றியது. வயசாகிவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மெஷினில் மூன்றாவது விரிப்பே அம்மாவின் கை நழுவித் தரையில் விழுந்தது.

“இடுக்கி துருப்பிடிச்சுப்போச்சு,” என்று எதிர்முனையைப் பிடித்திருந்தவள் சிரித்தாள். அவள் அம்மாவைவிட நான்கு வயது மூத்தவள். ஐந்தாவது விரிப்பில் அம்மா வியர்த்துக் கொட்டித் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். மேற்பார்வையாளர் விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“வீட்டுக்குப் போங்கக்கா,” என்றார். குரலில் கடுமை இல்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா சிவந்த விரல்களை ஊதிக்கொண்டே வந்தாள்.  மகளைத் திட்டியிருந்தால் தேவலை.

வேலையை விட்ட முதல் வாரம், களிம்புக்குக் கையை நீட்டிக்கொண்டே அம்மா ஒன்று கேட்டிருந்தாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மகள் வாயை அடைத்துவிட்டாள். கேட்டது இவ்வளவுதான்:

“வாரத்துல ஒரு நாளாவது போயிட்டு வரேனே. இல்லன்னா கை மறந்துடும்.”