பென் டிரைவுக்கும் பொட்டு

எங்கள் கன்னட ஊரில் அக்ரஹாரம் பகுதியில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் உண்டு. பென் டிரைவைச் செருகினால் ‘வந்தாச்சு’ என்றும், எடுத்தால் ‘போயாச்சு’ என்றும் கன்னடத்தில் சொல்லும். கடையில் என்னைவிட அதுதான் அதிகம் பேசும்.

இன்று காலை கொள்ளேகால் அக்கா ஒருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு இன்டர்வியூ. பயோடேட்டா பென் டிரைவில் மட்டும்தான் இருந்தது.

செருகினேன்.

வந்தாச்சு. போயாச்சு. வந்தாச்சு. போயாச்சு.

நான் தொடவே இல்லை.

“என்ன கண்ணு பண்ணிப்போட்ட?” அக்கா அழுதுவிடுவார் போலிருந்தது. உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். முனைக்குள் குங்குமம்.

“அக்கா, இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?”

“முந்தாநேத்து ஆயுத பூஜையில்ல? மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் வெச்சேன். வேலை வாங்கித் தரப்போறது இதுதானேன்னு இதுக்குக் கொஞ்சம் தாராளமாவே வெச்சுட்டேன்.”

பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து மறுபடியும் செருகினேன். ‘வந்தாச்சு.’

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ‘போயாச்சு’ வரவே இல்லை. அப்பாடா!

அக்கா பிரிண்டுடன் சிரித்துக்கொண்டே ஓடினார்.

நீங்கள் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வருவதானால் மட்டும் பென் டிரைவை ஒருமுறை ஊதிவிட்டு வாருங்கள்.