பெரியம்மா, பிறகு அத்தை

எங்கள் அத்தை மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலருக்கு அவர் பெரியம்மா, சிலருக்கு அண்ணி, சிலருக்கு அக்கா. பெரியம்மா என்றும் அத்தை என்றும் இரண்டு உறவும் சொல்லி அழைத்தவள் நான் ஒருத்திதான். மருமகள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அத்தை. சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. தொழிலாளர் லயத்தில் காலையில் ஒரு வீடு, இரவில் ஒரு வீடு என்று சாப்பிட்டு வளர்ந்தார். சோறு போட்டவர்களை எல்லாம் முறை சொல்லித்தான் அழைத்திருக்கிறார். தீவுக்கும் கரைக்கும் ஓடும் ஃபெரிக் கப்பலில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்தார். குயின் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்து ஒன்றில், கீழே சீனர் மளிகைக் கடை. மேலே பலகைத் தடுப்புப் போட்ட அறைகளில் சில குடும்பங்கள்.

அந்த மாடிக்கு யார் குடிவந்தாலும் அத்தை பெயரைக் கேட்க மாட்டார். வயதைக் கேட்டு முறையை முடிவு செய்துவிடுவார். அப்புறம் அதுதான் சட்டம், அப்பீலே கிடையாது. கீழ்க்கடைச் சீனரையும் விடவில்லை. அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அந்த மனிதரும் ‘தங்கச்சி’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டு, நல்ல கருவாடு வந்தால் படியடியில் நின்று கூப்பிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு என் பெற்றோர் அங்கே குடிவந்தார்கள். என் அம்மாவும் தாயில்லாப் பெண். அத்தை அவரைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். ஆகவே அப்பாவுக்கு அவர் அண்ணி, அவருக்கு அப்பா மாப்பிள்ளை, எனக்கு அவர் பெரியம்மா. அவருடைய ஒரே மகன் எனக்கு அண்ணன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரத்த சம்பந்தம் என்று பார்த்தால் எங்களுக்குள் எள்ளளவும் கிடையாது. அத்தை மகன் வெளியூரில் படித்துவிட்டு வந்து புக்கிட் தெங்காவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நாங்கள் ஒருவரையொருவர் விரும்பினோம். வீட்டில் தெரிந்ததும் குடி முழுகிப் போனது போல ஆயிற்று.

“அண்ணன்னு கூப்பிட்ட வாயால நாளைக்கு என்னன்னு கூப்பிடுவ? ஊரு சிரிக்கும் லா,” என்றார் அப்பா.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். மாடியில் இருந்த அத்தனை பேரும் அப்பா பக்கம். முறை போட்டவரே அத்தைதான். அவர் எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவார்? சில நாள் அவருக்குச் சோறே இறங்கவில்லை. நான் அழுது முகம் வீங்கிக் கிடந்தேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை, அத்தை பட்டுச்சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பூ வைத்து, மாமாவையும் இழுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

“தம்பி, எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்லன்னு உங்களுக்குத் தெரியும். இன்னையிலருந்து நான் உங்களுக்கு அண்ணி இல்ல, அக்கா. என் மகனுக்குத் தம்பி பொண்ணக் கேட்டு வந்திருக்கேன்.”

அக்காள் தட்டோடு வந்து நிற்கும்போது இல்லையென்றால் அதைவிட முறைகேடு வேறென்ன? வெகுநேரம் கழித்து அப்பா தட்டை வாங்கிக்கொண்டார்.

அம்மாதான் உடைந்து போனார். “அப்ப நான் யாருக்கா உங்களுக்கு?” என்று கேட்டார். அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, “என் தம்பி பொண்டாட்டிம்மா,” என்றார். தாயில்லாத இருவர் தாங்களாகத் தேடிக்கொண்ட அக்கா தங்கச்சி உறவு அது. என் கல்யாணத்துக்காக இருவரும் அதை விட்டுக்கொடுத்தார்கள்.

அம்மா மெல்ல மெல்ல ‘அண்ணி’க்குப் பழகினார். நானும் தட்டுத் தடுமாறி ‘அத்தை’க்கு வந்தேன். என் கணவருக்கு இன்றுவரை ‘இந்தாங்க’தான், அதைக் கேட்காதீர்கள். அப்பா மட்டும் அதன்பின் அத்தையை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அண்ணி போய்விட்டது, அக்கா வரவில்லை. ‘அவங்க’ என்றே காலத்தை ஓட்டினார். “என் தம்பி வாயில கொழுக்கட்டை,” என்று அத்தை கேலி செய்வார். ஆனால் தீபாவளிப் பலகாரத்தை எங்கள் அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டார்; கொஞ்சம் நின்று அப்பா முகத்தைப் பார்ப்பார்.

சர்க்கரை நோய் முற்றி அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா தினமும் போனார். கட்டில் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். அத்தை அந்தக் கட்டிலிலேயே கண் மூடினார்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்த வேண்டும் அல்லவா? காரியம் செய்ய வந்தவர், பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார். பத்து காவானில் அத்தைக்கு யார் இருக்கிறார்கள்? மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அப்பா வாசலில் வந்து நின்றார். மார்க்கெட் ஸ்ட்ரீட் ஜவுளிக் கடையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வியர்வை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், புதுச்சேலையை விரித்துப் போர்த்தினார். குனிந்து, “அக்கா,” என்றார். பிறகு அந்தச் சொல்லை அவரால் நிறுத்தவே முடியவில்லை.

அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து நின்ற சீனப் பெரியவருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட மாடிக் குடும்பங்களுக்கும், ஆஸ்பத்திரியில் துணையிருந்த பிள்ளைகளுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அக்காளுக்குத் தம்பி செய்ததற்கு நன்றி சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும்.