பசையக்கா திட்டாத ஒரே ஆள்

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒருவர் பசையக்காவிடம் திட்டு வாங்காமல் ஒரு வாரம் தள்ளிவிட்டார் என்றால், ஒன்று அவர் லீவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அக்கா அவரை இன்னும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டாவது விஷயத்தைப் புரியவைக்கத்தான் அந்த வெளிநாட்டுக்காரரிடம் நான் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

நான் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. வாலிபத்தில் ஆறு வருஷம் கப்பலில் வேலை பார்த்த புண்ணியத்தில் அந்த மனிதரின் மொழி எனக்கு வரும். புது மெஷினைப் பொருத்தி, ஓட்டக் கற்றுக்கொடுக்க மெஷின் கம்பெனி அவரை அனுப்பியபோது, முதலாளி என் மேஜைக்கு வந்து, "நீதான்யா அவருக்கு வாய், காது எல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை? மூச்! அன்றிலிருந்து அக்காவுக்கு நான் 'ரேடியோ' ஆனேன்.

அந்த மனிதர் நெட்டையாக, எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டோடு திரிவார். எதைப் பார்த்தாலும் எழுதுவார். அதனால் அவருக்கு 'நோட்டுக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் காலையில் முப்பத்திரண்டு பேருக்கும் கை கொடுத்தார். அக்காவின் முறை வந்தபோது, "கையெல்லாம் பசை சார்" என்று அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவரோ விடாமல் பிடித்துக் குலுக்கி, பிறகு அரைமணி நேரம் விரல்களைப் பிரிக்க முடியாமல் குழாயடியில் நின்றார். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பசையக்காவுக்கு ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. பத்தொன்பது வயதில் பெட்டி மடிக்க வந்தவள். அந்தக் காலத்தில் பசையை வாளியில் காய்ச்சி, கையால் தடவுவார்கள். அந்த வாளிக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டதில் வந்த பெயர் இது. வாளி போய், சின்ன மெஷின் வந்து, அதுவும் போய், பெரிய மெஷின் வந்துவிட்டது; பெயர் மட்டும் போகவில்லை. அட்டையின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் போதும், கனத்தைச் சொல்லிவிடுவாள். இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் எந்தக் காகிதம் சிக்கினாலும் மூன்றாக மடித்து, நகத்தால் கீறி, ஒரு முனையை உள்ளே செருகிவிடுவாள். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, முதலாளி கொடுத்த பாராட்டுக் கடிதம், எல்லாவற்றுக்கும் அதே மடிப்புதான்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். "ஏய், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பாள் லோடு ஏற்றுபவரிடம். "ரேடியோ, நேத்து இருமிட்டுப் போனியே, டாக்டர்கிட்டப் போனியா இல்லையா? போகலன்னா இந்தப் பக்கம் வராத, மூஞ்சியப் பாக்க மாட்டேன்!" என்பாள் என்னிடம். முதலாளிக்கே, "மழைல நனைஞ்சுகிட்டு வரீங்களே, குடைய என்ன பீரோல வச்சு அழகு பாக்கறீங்களா?" என்று விழும்.

நோட்டுக்காரரிடம் மட்டும், "சரி சார்", "நல்லா இருக்கு சார்", "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்." அவ்வளவுதான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மாதிரி ஒரு முகம்.

நாலாம் நாள் அவர் நோட்டை விரித்து எனக்குப் படித்துக் காட்டினார். "தினமும் காலையில் நாலு பேர் 'எதுவரைக்கும்?' என்று கேட்கிறார்கள். நான் எங்கே போகிறேன் என்று கண்காணிக்கிறார்களா? 'இப்படிக் கொஞ்ச தூரம்' என்று நீங்கள் சொல்லும் பதிலில் ஒன்றுமே இல்லையே, அவர்கள் எப்படித் திருப்தியாகப் போகிறார்கள்? பசையக்காவிடம் இதுவரை முப்பத்தேழு முறை நன்றி சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட அவர் திருப்பிச் சொல்லவில்லை. எல்லாரிடமும் கத்துகிறார், என்னிடம் கத்துவதில்லை. என் மேல் மிகுந்த மரியாதை போலிருக்கிறது."

"மரியாதைதான் சார்," என்றேன். "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுப்போமே, அந்த மரியாதை. வேண்டியவங்களுக்குத்தான் திட்டு."

அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "அப்படியென்றால் திட்டு வாங்குவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனிதர் பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவருக்கும் எனக்கும் ஒரு தகராறு இருந்தது. நான் வார்த்தைகளில் சர்க்கரை தடவுகிறேன் என்பார். அவர், "இது தவறு" என்று சொன்னால் நான், "இப்படிப் பண்ணினா இன்னும் நல்லா இருக்கும்னு சொல்றார்" என்று சொல்வேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஊரில் ஒருவரின் மனம் நோகாமலிருக்க உள்ளதை மறைத்துச் சொல்வதுதான் பெரிய அவமரியாதையாம். தப்பைப் பார்த்த இடத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார்களாம். எதிராளி அதற்கு நன்றி சொல்வானாம். எங்கள் பட்டறையிலோ ஒருவர் செய்த தப்பைப் பத்துப் பேர் முன்னால் எடுத்துக் காட்டமாட்டார்கள், அதிலும் விருந்தாளி என்றால் கேட்கவே வேண்டாம். அவர் அந்தப் பக்கம் போனதும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார்கள். இதை அவருக்கு விளக்கியிருக்க வேண்டியவன் நான். 'சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்' என்று தள்ளிப்போட்டேன், மடையன்.

இரண்டாவது ஞாயிறு அக்கா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை. கணவர் தவறிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், தையல் மெஷினோடு அங்கேயே இருக்கிறாள். இருந்த ஒரே நாற்காலியில் நோட்டுக்காரரை உட்காரவைத்து, மின்விசிறியை முழுக்க அவர் பக்கம் திருப்பிவிட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டு இரண்டு பெண்களும் கதவோரம் நின்றுகொண்டார்கள். அவர் ஒரு வாய் சாப்பிடுவார், நிமிர்ந்து பார்ப்பார், அவர்கள் நிற்பார்கள். "நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? ஏன் யாரும் உட்காரவில்லை?" என்று என் காதில் கேட்டார்.

அதற்குள் அவர்கள் இருவரும் உள்ளறைக்குப் போக, அங்கே யுத்தம் ஆரம்பித்துவிட்டது.

"உப்பு போடச் சொன்னா என்ன, உப்பளத்தையே கொட்டியிருக்க!" என்றாள் அக்கா.

"உங்க கைதான் ஊறுகாய்ல ஊறின கை. வந்த மனுஷனுக்குத் தண்ணி வச்சீங்களா, இல்ல தொண்டைல மாட்டிக்கிட்டு சாகட்டும்னு விட்டீங்களா?"

நோட்டுக்காரர் பயந்துபோனார். "என்னால்தான் சண்டையா? போய்விடலாமா?" என்றார். போனவருஷம் நாத்தனாருக்கு ஆபரேஷன் நடந்தபோது அக்கா பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்ததைச் சொன்னேன். அங்கேயும் பதினோரு நாளும் இதே சண்டைதான், நர்ஸ் வந்து அதட்டும் அளவுக்கு. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது எத்தனையாவதோ நன்றியைச் சொன்னார். அக்கா, "இருக்கட்டும் சார்" என்று கதவருகே ஒதுங்கி நின்றாள். படியில் இறங்கும்போது அவர் முகம் வாடியிருந்தது.

இனி மெஷினுக்கு வருகிறேன். அது அட்டைக்குப் பசை தடவி, மடித்து, மேலும் கீழுமான இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தள்ளும். உருளைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று வைக்க ஒரு திருகு, அதன் பக்கத்தில் எண்கள். நோட்டுக்காரர் நாலில் வைத்தார். முதல் இரண்டு நாள் பெட்டிகள் வாயைப் பிளந்தன. புது மெஷின், பழகட்டும் என்றார். மூன்றாம் நாளிலிருந்து பெட்டிகள் கச்சிதமாக ஒட்டின. மனிதருக்கு ஒரே சந்தோஷம். 'நாலு' என்று தன் கையேட்டில் எழுதி வட்டம் போட்டார். அந்தக் கையேட்டைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளியின் மற்ற மூன்று பட்டறைகளிலும் இதே மெஷினைப் பொருத்தப் போகிறார்கள். தினமும் அக்காவிடம், "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்பார். "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், நல்லா இருக்கு" என்பாள்.

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழைய மெஷினை யாரோ நோண்டி மோட்டாரைக் கருக்கிவிட்டதால் முதலாளி எழுதி ஒட்டியது: 'புது மெஷினின் உள்ளே கை வைப்பவர் அன்றே வேலையைவிட்டு நிறுத்தப்படுவார்.' சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர் அவர். போனமாதம் வேறொரு விஷயத்தில் ஒருவரை அப்படி அனுப்பியும்விட்டார்.

கடைசி நாள். முதலாளி வந்து நிற்க, எல்லாரும் சுற்றி நிற்க, நோட்டுக்காரர் மெஷினின் மூடியைத் திறந்து உள்பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். கீழ் உருளையின் பக்கம் வந்ததும் நிறுத்தினார். உருளையைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை உருவி எடுத்தார். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து என்னிடம், "இதை யார் வைத்தது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது, குழந்தை ஒரு புதுப் பூச்சியைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்கிற மாதிரி. கோபம் துளியும் இல்லை. சர்க்கரை தடவாதே என்று மூன்று வாரமாக உயிரை எடுத்திருந்தாரா, நானும் தடவாமல் அப்படியே சொன்னேன்: "இத யாரு வச்சதுன்னு கேக்கறார்."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால், கேள்வி இல்லை அது, குற்றச்சாட்டு. முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரு? யாரு மெஷினுக்குள்ள கை விட்டது? வாயத் தொறந்து சொல்லணும். ஆள் யாருன்னாலும் சரி, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்!" என்று சுவரைக் காட்டினார்.

எனக்குத் துண்டைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்றாக மடித்து, நகத்தால் கீறி, முனை உள்ளே செருகியிருந்தது. இருபத்தொன்பது வருஷ வேலை! அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

நோட்டுக்காரருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் முதலாளியின் விரல் புரிந்தது. துண்டுகள் இல்லாமல் மெஷினை ஓட்டினார். வந்த பத்துப் பெட்டிகளில் எட்டு வாயைப் பிளந்தன. ஒரு அட்டையை எடுத்து அளவுகோலில் கனம் பார்த்தார். அவர் ஊர் அட்டையைவிட எங்களுடையது மெல்லிசு. நாலு என்ற எண்ணே தப்பு; அந்தத் துண்டுகள் கீழ் உருளையைத் தூக்கிக் கொடுத்து இடைவெளியைக் குறைத்ததால்தான் இத்தனை நாளும் ஒட்டியிருக்கிறது. காது வரைக்கும் சிவந்துபோனார். பிறகு கையிலிருந்த மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வாரமாக எல்லாவற்றையும் எழுதியவர், அந்த மடிப்பை மட்டும் எழுதாமல் இருந்திருப்பாரா? அக்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"நான்தான் வைத்தேன், மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

நான் அசந்துபோனேன். உள்ளதை மறைப்பது அவமரியாதை என்று என்னைப் படுத்திவைத்த அதே மனிதர்! "அப்படியே சொல்லட்டுமா?" என்றேன். "அப்படியே" என்றார்.

"அவரேதான் வச்சாராம். மறந்துட்டாராம்," என்றேன்.

முதலாளியின் தோள் தளர்ந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் வேலையும் தப்பித்திருக்கும். அவள் நிற்கவில்லை.

"ஏன்யா, உனக்கு அறிவிருக்கா?" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மெஷினே அதிர்ந்தது. "பண்ணாததை எதுக்குய்யா தலைல தூக்கிப் போட்டுக்கற? வச்சது நான்! உன் நம்பர் தப்பு! ஊர் ஊராப் போய் மெஷின் மாட்டறியே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அட்டையக் கையால தொட்டுப் பாத்தியா? அளவுகோல் என்னத்துக்கு இருக்கு, காது குடையவா? மூணரைல வைக்கணும்யா இதுக்கு! இத்தன நாளா வாயக் கட்டிக்கிட்டு நான் படற பாடு! இன்னைக்கு நீ பாட்டுக்கு நாலுன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவ. அந்த மூணு பட்டறைல இருக்கற பொண்ணுங்க எல்லாம் பொட்டி பொட்டியாப் பிரிச்சு ஒட்டிகிட்டு ஒப்பாரி வைக்கணுமா? மொதல்ல அந்தப் புஸ்தகத்துல மாத்து!"

மூச்சு வாங்க நிறுத்தினாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். நோட்டுக்காரர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"என்னைத் திட்டுகிறார், இல்லையா?"

"ஆமா சார். நல்லாவே."

கண் கலங்கிவிட்டது அந்த மனிதருக்கு. கன்னமெல்லாம் சிரிப்பு. இதற்குத்தானே மூன்று வாரமாக ஏங்கினார்! பிறகு நம்பர் விஷயத்தை மட்டும் சொன்னேன். கையேட்டை எடுத்து, வட்டம் போட்ட நாலை எல்லார் முன்னாலும் அடித்து, மூன்றரை என்று எழுதி, முதலாளியிடம் நீட்டினார். "இந்த அம்மா செய்ததுதான் சரி. தவறு என்னுடையது" என்றார். இதற்கும் சர்க்கரை தேவைப்படவில்லை.

முதலாளி கையேட்டைப் பார்த்தார். பசையக்காவைப் பார்த்தார். அவள் எங்கேயும் போவதாக இல்லை, இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சுவர்ல அந்தக் காகிதம் ரொம்ப அழுக்காயிருச்சு. யாராவது கிழிச்சுப் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

லோடு ஏற்றுபவர் எக்கி அதைக் கிழித்தார். கீழே விழுந்ததை அக்கா எடுத்து, மூன்றாக மடித்து, நகத்தால் கீறி, முனையைச் செருகி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திருகின் பக்கம் குனிந்தாள். நோட்டுக்காரர் அவளையே பார்த்தபடி நின்றார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"மரம் மாதிரி நிக்கறியே, என்ன வேடிக்கை? மூடியப் பிடி!" என்றாள் பசையக்கா.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் போய் மூடியைப் பிடித்துக்கொண்டார்.