மாப்பிள்ளைக் காரின் கூரைக் கண்ணாடி

உம்மாவின் அலுமாரியில் இருக்கும் புகைப்படம் ஒன்றின் பின்புறம் பச்சை மையில் "மாப்பிள்ளைக் கார், 2003 நவம்பர்" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து உம்மாவினுடையதுதான். மாதம்தான் சரியில்லை. அந்த ஆண்டு நவம்பரின் கடைசி வாரம் வரைக்கும் நோன்பு. நோன்பில் எங்களில் யாரும் கலியாணம் வைப்பதில்லை. பெருநாள் கழிந்து கொஞ்ச நாளாவது போயிருக்க வேண்டும். ஆகவே டிசம்பர் முற்பகுதி என்று பென்சிலால் திருத்தியிருக்கிறேன். உம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

படத்தில் மல்லிகைச் சரம் சுற்றிய தாழ்ந்த கார் ஒன்று நிற்கிறது. அதன் கூரையிலிருந்து ஒரு சிறுமியின் தலையும் தோளும் வெளியே நீண்டிருக்கின்றன. அந்தச் சிறுமி நான் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தலை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்றைக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கார், வாப்பாவின் தம்பியான சாச்சாவுடையது. எண்பதுகளில் ஜப்பானில் செய்த, இரண்டே கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். முன்விளக்குகள் கண் இமை போல மூடித் திறக்கும். இடது கண் கொஞ்சம் பிந்தித் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சன்ரூஃப். ஒரு பொத்தானை அமுக்கினால் கூரையின் நடுவிலிருந்த கறுப்புக் கண்ணாடி முனகிக்கொண்டே பின்னால் நகரும். கண்டியில் ஒரு வங்கியில் வேலை பார்த்த சாச்சா, ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்டிக்கொண்டு அக்குறணையில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருடைய மகள் கூரைக்கு வெளியே நின்றுகொண்டே எங்கள் ஒழுங்கைக்குள் நுழைவாள். என்னைவிட ஐந்து மாதம் இளையவள். ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள்.

வாப்பா ஹார்ட்வெயார் கடைக்காரர். கூரை விஷயத்தில் அவரை மீறி ஊரில் யாரும் பேசமாட்டார்கள். காரை முதல்முறை பார்த்த அன்றே அவர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பழைய காருக்கு மேல ஓட்ட என்னத்துக்குத் தம்பி? ரப்பர் காஞ்சி போயீக்கும். துரு அங்கதான் தொடங்கும். ஓடுறதுக்குச் செஞ்ச சாமானுக்குத் தலைல கண்ணாடிப் பாரம் வேற."

"தெறந்து பாருங்கோ நானா, காத்து எப்புடி வருதெண்டு."

"காத்து வேணுமெண்டா முத்தத்துல நில்லேன். அது சும்மா."

வாப்பா சொன்னதில் பிழை எதுவும் இருக்கவில்லை. கண்ணாடி உள்ளே போய் ஒளிய இடம் வேண்டும் என்பதால் கூரையின் உட்புறம் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. சாச்சா உயரமானவர், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவார். கூரைத் துணியில் தேயிலைச் சாயம் போல ஒரு கறையும் இருந்தது. இத்தனை குறை உள்ள வாகனம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் வெந்துகொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் மாமாவின் கலியாணம் வந்தது. மாமா உம்மாவின் ஒரே தம்பி. பெண் வீடு தெல்தெனியப் பக்கம். மாப்பிள்ளை போகும் வாகனத்தில் அவருடைய சகோதரியின் பிள்ளை ஒன்று கூடப்போவது எங்கள் குடும்ப வழக்கம். அந்த வாகனமும் எப்போதும் வாப்பாவின் வெள்ளை வேன்தான். மற்ற நாட்களில் சீமெந்தும் பெயின்ட்டும் ஏற்றும் வேன், கலியாணம் என்றால் புதுச் சீட் உறை போட்டுக்கொள்ளும். அந்த முறையும் வாப்பா மெரூன் நிறத்தில் உறை தைப்பித்துவிட்டார். பெயின்ட் வாசம் போகட்டும் என்று கதவுகளைத் திறந்துபோட்டு ஊதுபத்தி கொளுத்தினார்.

அப்போது சாச்சா ஒரு ஞாயிறு வந்து, "மாப்பிள்ளைக்கு எண்ட கார எடுங்கோ" என்றார். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாப்பாவைப் பார்த்து, "மச்சான், வேன்ல உம்மாமார் வசதியா வரலாம் தானே" என்றார். வாப்பா சிரித்து, நல்லது என்றார். ஸ்போர்ட்ஸ் காரின் பின் சீட்டில் ஒரு சிறுபிள்ளைதான் இருக்கலாம். கார்க்காரரின் மகள் இருக்கும்போது அது யார் என்று யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் என் கன்னத்தைத் தட்டி, "நீங்க வாப்பாட வேன்ல வாங்கோ, என்ன" என்றார். மாப்பிள்ளை என்னுடைய மாமா. அவளுக்கு அவர் என்ன உறவு என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

கலியாணத்துக்கு முந்திய நாட்களில் கார், பூக்கட்டுவதற்காக எங்கள் முற்றத்தில் நின்றது. வாப்பா கூரைக் கறையைக் காட்டி, "ஒழுகுற கார்லயா மாப்பிள்ளய ஏத்தப் போற? சாவிய வெச்சிட்டுப் போ, நான் பாத்துத் தாறன்" என்று சொல்லியிருந்தார். சாச்சா கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸில் போனார். வாப்பா கடையிலிருந்து சிலிக்கன் குழாய் கொண்டுவந்து கண்ணாடியைத் திறந்தார். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்னக் கால்வாய் ஓடியது. அதன் நான்கு மூலையிலும் பட்டாணி அளவில் ஒவ்வொரு ஓட்டை. "இதால தான் எறங்குது" என்று சொல்லி நான்கையும் அடைத்தார். பூச்சு வேலைக்காரரைப் போல விரலால் தடவி மட்டம் செய்தார். அவர் வேலையை முடிக்கும்வரை நான் ஓட்டுநர் சீட்டில் ஏறி நின்று கூரைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன். எதிரே எங்கள் கோழிக்கூடு தெரிந்தது. கையசைக்க யாருமில்லை.

கலியாண நாள் காலையில் வெயில். கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை அவள் கூரைக்கு மேலே நின்று கடைக்காரர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு போனாள். அவளுடைய ரோஸ் நிறத் தாவணி பின்னால் பறந்தது. நாங்கள் வேனில் அதன் பின்னாலேயே போனோம். மழை வர வேண்டும் என்று நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். குண்டசாலையில் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே இறங்கினாள், கண்ணாடி மூடியது, மழை கொட்டியது.

திகனைக்கு அப்பால் ஒரு இறக்கத்தில், முன்னால் ஒரு பஸ் நின்றதால், சாச்சா பிரேக் பிடித்தார். அவருடைய காருக்குள் கைகள் அங்குமிங்கும் ஆடுவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மறுபடி ஏற்றத்தில் ஏறியபோது பின் சீட்டில் ஒரு சின்னக் கை மட்டும் ஆடியது. வாப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ளுக்கு என்னவாம்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது பெண் வீட்டு வாசலில். கால்வாயில் நிறைந்த தண்ணீர் போக வழியில்லாமல், பிரேக் பிடித்தால் முன்னாலும் ஏறினால் பின்னாலும் உள்ளே ஊற்றியிருக்கிறது. மாமா இறங்கினார். கிரீம் நிற கோட் உடம்போடு ஒட்டி, பூமாலையிலிருந்து நீர் சொட்டியது. வாசலில் பெண்ணின் தம்பி செம்போடு காத்திருந்தான். மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போய், அதற்கு மோதிரம் வாங்குவது மச்சினனின் உரிமை. அவன் மாமாவை மேலும் கீழும் பார்த்தான்.

பந்தலில் இருந்த ஒருவர், "மகன், செம்ப உள்ளுக்கு வெய்ங்கோ. மாப்பிள்ள முழுசாக் கழுவி வந்தீக்கிறார்" என்றார்.

பையன் தன் வாப்பாவிடம் திரும்பி, "அப்ப மோதிரம்?" என்றான்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்து, கால் நீட்டி, பையனுக்கு மோதிரம் போட்டார். சாச்சா மட்டும் காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

நான் காத்திருந்தது இதற்கல்ல. சாச்சாவின் மகள் அழுதுகொண்டு இறங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்மை கன்னத்தில் வழிய, நனைந்த கோழிக்குஞ்சு போல இறங்கி, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். மணப்பெண்ணின் உடுப்பில் ஒன்றைச் சுருக்கி அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அன்று பின்னேரம்வரை பெண் வீட்டுச் சனம் அவளைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் எப்படி வந்தது என்று மறுபடி மறுபடி கேட்டது. நான் உலர்ந்த உடுப்போடு, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் புரியாணி சாப்பிட்டேன்.

மழை விட்டதும் சாச்சா ஒரு குடைக்கம்பியால் மூலை ஓட்டைகளைக் குத்தினார். கூரையில் தேங்கிய தண்ணீரெல்லாம் சக்கரத்தடியில் ஒழுகி ஓடியது. வெளியே வந்த சிலிக்கன் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து வாப்பாவிடம் கொண்டுவந்தார்.

"நானா, இது தண்ணி வாற ஓட்ட இல்ல. போற ஓட்ட."

"எனக்கென்ன தெரியும் தம்பி, நான் வீட்டுக் கூரைக்காரன்."

 சாச்சா துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரைத் துடைக்கப் போனார். அடுத்த ஆண்டு அதை விற்றுவிட்டார். சன்ரூஃப் நல்லதா கெட்டதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் பிறகு எழவே இல்லை. நான் என் துஆ பலித்ததாக நம்பினேன். மழையை வரவழைத்தது என் பொறாமைதான், அந்த ஊர்வலத்தில் வேறு யாருக்கும் அது இருந்திருக்க முடியாது என்று பல வருடம் எண்ணியிருந்தேன்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் கடையில் வாப்பாவுக்கு உதவியாக உட்கார்ந்தேன். கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் பீலி வாங்க வருகிறவர்களிடம் அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "பீலிக்கு வாய் வெக்க மறக்காதீங்கோ. வாய் இல்லாட்டி தண்ணி ஊட்டுக்குள்ளதான் வரும்." எப்போதிருந்து இப்படிச் சொல்கிறார் என்று உம்மாவிடம் கேட்டேன். கடை தொடங்கிய நாளிலிருந்து என்றார்.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று வாப்பாவிடமே கேட்டேன். சாச்சா மௌத்தாகி, அவரை அடக்கி, இரண்டு வருடமாகிவிட்டது.

"அந்த ஓட்ட என்னத்துக்கெண்டு தெரிஞ்சா அடச்சீங்க?"

"பழைய காருக்கு சன்ரூஃப் கூடாது மகள். அப்பவும் சென்னன்." வட்டிலப்பத்தை இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்தக் கார்ல நான் ஒரு நாளும் ஏறினதில்ல" என்றார்.

சாச்சா கூப்பிடவில்லையா என்றதற்கு, அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

சாச்சாவின் மனைவியான சாச்சியைக் கேட்டேன், தெரியாது என்றார். சாச்சா கூப்பிடவே இல்லையா, கூப்பிட்டும் வாப்பா போகவில்லையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.